வீட்டு இசை சர்வருக்கு எந்த வன்தட்டு? டபிள்யூடி ரெட் பிளஸ் 4 டெராபைட்: ஒரு மதிப்புரை

வீட்டில் ஓயாமல் இயங்கும் இசை சர்வருக்கு ஒரே ஒரு வன்தட்டு வாங்குவதாக இருந்தால், வெஸ்டர்ன் டிஜிட்டல் (டபிள்யூடி) நிறுவனத்தின் ரெட் பிளஸ் வரிசையில் வரும் 4 டெராபைட் வன்தட்டையே நான் பரிந்துரைப்பேன். என் சர்வரில், லினக்ஸில் ஓடும், வீட்டிலுள்ள ஒலிப்பான்களுக்கு இசையை அனுப்பும் லிரியன் மென்பொருளுக்கு இசைக் கோப்புகளை எடுத்துக் கொடுத்தபடி நெடுநாளாக இதுதான் சுழன்றுகொண்டிருக்கிறது. சாட்டா (வன்தட்டைக் கணினியோடு இணைக்கும் முறை) இணைப்பு உள்ள எந்த வன்தட்டும் சாட்டா உள்ள மதர்போர்டில் செருகப்பட்டுவிடும். செருகிய பிறகு அது இசை சர்வரின் வேலைமுறைக்கும், அறையின் அமைதிக்கும், அதற்குக் கிடைக்கும் மின்சாரத்துக்கும் ஒத்துப்போகிறதா என்பதைத்தான் வாங்குமுன் பார்க்க வேண்டும். விற்பனைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் விவரங்களில் பெரும்பாலானவை இதற்கு உதவுவதில்லை.

வேகத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். குறுந்தகட்டுத் தரத்தில் உள்ள இசை நொடிக்கு 1,411 கிலோபிட், அதாவது ஒரு மெகாபைட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்திலான ஸ்டீரியோ பதிவுகூடச் சுருக்கப்படாத நிலையில் நொடிக்கு 4.6 மெகாபிட்டைத் தாண்டாது. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் இன்றைய வன்தட்டு ஒன்று நொடிக்கு நூறு மெகாபைட்டுக்கு மேல் எளிதாகப் படித்துத் தருகிறது. வீட்டின் எல்லா அறைகளிலும் வெவ்வேறு பாடல்கள் ஒலித்தாலும் அதற்கு இது ஒரு சுமையே அல்ல. கொள்ளளவும் அப்படித்தான். ஒரு மணி நேரக் குறுந்தகடு 635 மெகாபைட். ஒலித்தரம் குறையாத ஃபிளாக் வடிவில் சுருக்கினால் ஏறத்தாழ 350 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், 4 டெராபைட்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆல்பங்கள் அடங்கும். உயர்தரப் பதிவுகளையும் டிஎஸ்டி என்னும் உயர்தர ஒலிவடிவக் கோப்புகளையும் பெருமளவில் சேர்ப்பவர்களுக்குத்தான் இதைவிடப் பெரியது தேவைப்படும். (கணினி இதையே 3.64 என்று காட்டினால் ஏமாற்றம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், கணினி 1024-இன் மடங்கில் எண்ணுகிறது.)

நான் மிகுந்த கவனத்தோடு பார்க்கச் சொல்வது பதிவுமுறையை. வழக்கமான சிஎம்ஆர் முறையில் காந்தத் தடங்கள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே கிடக்கும். எஸ்எம்ஆர் முறையிலோ, கூரையில் ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின் விளிம்பை அடுத்த தடம் மூடியிருக்கும். குறைந்த இடத்தில் அதிகத் தரவை வைக்க இது உதவுகிறது. ஆனால் நடுவில் உள்ள ஒரு தடத்தை மாற்றி எழுத வேண்டுமானால் அதன்மேல் படிந்துள்ள அடுத்த தடங்களையும் சேர்த்தே மீண்டும் எழுதியாக வேண்டும். இந்தச் சிரமத்தை மறைக்க வன்தட்டு புதிய தரவை முதலில் ஒரு தற்காலிகப் பகுதியில் எழுதிவிட்டு, ஓய்வு கிடைக்கும்போது உரிய இடத்துக்கு மாற்றுகிறது. அந்தப் பகுதி நிரம்பும்வரை எல்லாம் நன்றாகவே நடக்கும். நிரம்பியபின் எழுதும் வேகம் பாதாளத்துக்குப் போய்விடும்.

இசை சர்வர் பெரும்பாலும் படிக்கத்தானே செய்கிறது, எழுதும் வேகம் குறைந்தால் என்ன என்று கேட்கலாம். நூலகத்தை ஒருமுறை நிரப்பிவிட்டு அப்படியே கேட்டுக்கொண்டிருப்பவருக்கு இந்தக் கேள்வி நியாயமானது; எஸ்எம்ஆர் வன்தட்டு அவருக்குப் போதும் என்றே சொல்வேன். ஆனால் இசையைச் சேர்ப்பவர்களில் பலர் நூலகத்தைத் திருத்திக்கொண்டே இருப்பவர்கள். கலைஞர் பெயரின் எழுத்துக்கூட்டலை ஒருமுகப்படுத்துவதும், ஆண்டைச் சேர்ப்பதும், அட்டைப்படத்தைக் கோப்புக்குள்ளேயே பதிப்பதும் அவர்களுக்கு ஓயாத வேலை. ஃபிளாக் கோப்பின் தொடக்கத்தில் இத்தகைய குறிப்புகளுக்கென்று சிறிது வெற்றிடம் விடப்பட்டிருப்பது வழக்கம். திருத்தம் அதற்குள் அடங்கினால் சில பைட்டுகள் மட்டுமே மாறும். பெரிய அட்டைப்படம் ஒன்றைப் பதித்தால் அந்த இடம் போதாமல் முழுக் கோப்பும் மீண்டும் எழுதப்படும். ஆயிரக்கணக்கான பாடல்களுக்கு இதை ஒரே மூச்சில் செய்யும்போது, பெயருக்குச் சிறு திருத்தமாகத் தோன்றுவது உண்மையில் பல நூறு கிகாபைட் எழுத்தாகிவிடுகிறது. எஸ்எம்ஆர் வன்தட்டு திணறும் இடம் இதுவே. சிஎம்ஆர் முறையிலான ரெட் பிளஸ் இந்த வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே சீரான வேகத்தில் செய்து முடிக்கிறது. என் பரிந்துரைக்கு முதற்காரணம் இந்தச் சீர்மைதான்.

பெயரில் உள்ள 'பிளஸ்' என்ற சொல்லை அலங்காரமாகக் கருதி விட்டுவிடக் கூடாது. 2020 ஏப்ரலில், டபிள்யூடி ரெட் வரிசையின் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாதிரிகள் எஸ்எம்ஆர் முறையில் செய்யப்பட்டவை என்பதும், அது வாங்குபவர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பதும் வெளியே வந்தன. மாதிரி எண்ணின் இறுதியில் இஎஃப்ஆர்எக்ஸ் என்று முடிந்தவை பழைய சிஎம்ஆர் வகை. அதே கொள்ளளவில் இஎஃப்ஏஎக்ஸ் என்று முடிந்தவை எஸ்எம்ஆர் வகை. பல வன்தட்டுகளை ஒன்றாக்கிப் பயன்படுத்தக்கூடிய இசட்எஃப்எஸ் கோப்பு முறையில் பழுதான வன்தட்டுக்குப் பதிலாக இவற்றைப் பொருத்தி மீளமைக்க முயன்றவர்கள் பெரும் தொல்லைக்கு உள்ளானார்கள். பெரும் எதிர்ப்புக்குப் பிறகு நிறுவனம் எந்தெந்த மாதிரிகள் எஸ்எம்ஆர் என்று பட்டியல் வெளியிட்டதோடு, சிஎம்ஆர் வகைக்கு ரெட் பிளஸ் என்று தனிப்பெயர் இட்டது. ஆகவே, வெறும் 'ரெட்' என்று மட்டும் அச்சிடப்பட்டிருந்தால் வேண்டாம். 'ரெட் பிளஸ்' என்று இருக்கிறதா என்று பார்த்து, மாதிரி எண்ணை நிறுவனத்தின் விவரத்தாளோடும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். போட்டி நிறுவனமான சீகேட்டில் அயர்ன்வுல்ஃப் வரிசை முழுவதும் சிஎம்ஆர். பார்ராகுடா வரிசையின் 4 டெராபைட், 8 டெராபைட் மேசைக்கணினி வன்தட்டுகள் எஸ்எம்ஆர். தோஷிபாவின் என்300 சிஎம்ஆர்.

அடுத்தது ஒலி. கேட்கும் அறையிலேயே சர்வரை வைத்திருப்பவர்களுக்கு இது பதிவுமுறைக்குச் சமமான முக்கியத்துவம் உடையது. நிமிடத்துக்கு 5400 சுழற்சி என்றால் நொடிக்கு 90. 7200 என்றால் நொடிக்கு 120. வன்தட்டின் ரீங்காரத்தில் தூக்கலாக ஒலிப்பது இந்த அதிர்வெண்கள்தான், அவை இசையின் கீழ்ஸ்தாயிக்குள்ளேயே விழுகின்றன. தனி வாத்தியம் ஒன்று மெல்ல அடங்கும் இடத்தில் இந்த முனகல் காதில் படத் தொடங்கினால் பிறகு அதை மறக்க முடியாது. பெட்டியின் உலோகத் தகடும் அது வைக்கப்பட்டுள்ள மரப் பலகையும் அதிர்வை வாங்கிப் பெருக்கிவிடும் என்பதால், திருகுகளுக்கு இடையே ரப்பர் வளையங்களைப் பொருத்துவது அவசியம். 4 டெராபைட் ரெட் பிளஸ் 5400 சுழற்சியில் இயங்குவது. ரப்பர் வளையங்களோடு பொருத்தினால், நான் உட்காரும் இடத்திலிருந்து அதன் ஓசை கேட்பதில்லை. காதைப் பெட்டியருகே கொண்டுபோனால், நூலகத்தை வருடும் நேரத்தில் மட்டும் மெல்லிய கடகடப்பு கேட்கிறது.

இங்கும் விவரத்தாளை நுணுகிப் படிக்க வேண்டியிருக்கிறது. '5400 வகுப்பு' என்று குறிக்கப்பட்ட 8 டெராபைட்டும் அதற்கு மேலும் உள்ள சில டபிள்யூடி வன்தட்டுகள் உண்மையில் 7200 சுழற்சியில் ஓடுகின்றன என்பதும் 2020-இல்தான் பேசுபொருளானது. பயனர்கள் அவற்றின் ஒலியைப் பதிவு செய்து, அலைவரிசைப் படத்தில் 120 ஹெர்ட்ஸில் முகடு நிற்பதைக் கண்டு இதை உறுதி செய்தார்கள். 'வகுப்பு' என்பது செயல்திறனைக் குறிக்கிறது, சுழற்சியைக் குறிக்கவில்லை என்று நிறுவனம் விளக்கம் தந்தது. இசை கேட்பவருக்கு அந்த விளக்கத்தால் ஒரு பயனும் இல்லை. பிறகு ரெட் பிளஸ் பெயரிலேயே 8 டெராபைட்டில் 7200 சுழற்சியில் ஒன்றும் 5640 சுழற்சியில் ஒன்றுமாக வெவ்வேறு மாதிரிகள் வந்தன. பெரிய கொள்ளளவுக்குப் போகிறவர்கள் இதைக் கவனித்தே தேர்ந்தெடுக்க வேண்டும். அயர்ன்வுல்ஃப் 4 டெராபைட் குறைந்த சுழற்சி உடையதாகையால், ரெட் பிளஸ் கிடைக்காதபோது அதை வாங்கலாம். என்300 வரிசை 7200 சுழற்சியில் இயங்குவதால், சர்வரை வேறொரு அறையில் வைத்திருப்பவர்களுக்கே அது ஏற்றது.

வேலை இல்லாத நேரத்தில் வன்தட்டை உறங்க வைப்பதா என்பது இசை சர்வருக்கே உரிய சிக்கல். உறங்கிய வன்தட்டு முழு வேகத்தை எட்டச் சில நொடிகள் பிடிக்கும். பாடலைத் தொட்டபின் நீளும் அந்த மௌனத்தில் சில ஒலிப்பான்கள் பொறுமை இழந்து இணைப்பையே துண்டித்துவிடுகின்றன. பழைய டபிள்யூடி கிரீன் வரிசை இதற்கு நேர்மாறான ஒரு பாடத்தைத் தந்தது. 8 நொடி ஓய்வு கிடைத்தாலே அது தன் படிக்கும், எழுதும் தலைகளை ஓரமாக நிறுத்திவிடும். லினக்ஸ் சில நொடிகளுக்கு ஒருமுறை ஏதாவது எழுதும்போது மீண்டும் அவற்றை எடுக்கும். இப்படியே மூன்று லட்சம் முறை என்று கணிக்கப்பட்ட தாங்கும் எல்லையை அது வெகு சீக்கிரம் நெருங்கிவிடும். ரெட் பிளஸ் தொடர்ந்து இயங்குவதற்காகவே செய்யப்பட்டது. அந்த எல்லையும் ஆறு லட்சம். மின்செலவு 5 வாட்டை ஒட்டியே இருப்பதால், பகலில் அதைச் சுழலவிட்டு இரவில் மட்டும் உறங்க வைப்பதே சரி என்பது என் கருத்து.

ரெட் பிளஸ் போன்ற நாஸ் (வலையமைப்புவழிச் சேமிப்பகம்) வன்தட்டுகளுக்குச் சொல்லப்படும் மற்றொரு சிறப்பு, படிக்க முடியாத பகுதி ஒன்றை எதிர்கொள்ளும்போது சுமார் 7 நொடிகளில் முயற்சியைக் கைவிட்டுப் பிழையை அறிவித்துவிடுவது. பல வன்தட்டுகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு அமைப்பில் இது இன்றியமையாதது; ஒற்றை வன்தட்டில் இதனால் தனி நன்மை எதுவும் இல்லை. கண்காணிப்புக் கேமராக்களுக்கான பர்ப்பிள், ஸ்கைஹாக் வரிசைகளைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அவற்றின் சிறப்புக் கட்டளைகளைக் கேமராப் பதிவுக் கருவிகளே பயன்படுத்துகின்றன. இசை சர்வரில் அவை சாதாரண வன்தட்டாகவே நடந்துகொள்ளும்.

பௌதிகப் பொருத்தத்தில் இடறும் இடங்கள் பல. 3.5 அங்குல வன்தட்டுக்கு 12 வோல்ட் தேவை. யூஎஸ்பி வழியே வரும் 5 வோல்ட் போதாது என்பதால் தனி அடாப்டர் உள்ள பெட்டிதான் வேண்டும். ராஸ்பெர்ரி பை 4 தன் எல்லா யூஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்துத் தருவது 1.2 ஆம்பியர் மட்டுமே. ஒரு 2.5 அங்குல வன்தட்டு தொடக்கச் சுழற்சியில் ஏறக்குறைய அதையே விழுங்கிவிடும் என்பதால், இடையில் மின்னிணைப்பு உள்ள ஹப் ஒன்றை வைப்பது நல்லது. 2.5 அங்குலத்தில் உயரமும் 7, 9.5, 15 மில்லிமீட்டர் என்று வேறுபடும். ஆயத்த இசை சர்வர்களின் உட்பெட்டியில் 15 மில்லிமீட்டர் வன்தட்டு பெரும்பாலும் நுழையாது. புதிய 3.5 அங்குல வன்தட்டுகள் சிலவற்றில் அடிப்புறத் திருகுத் துளைகள் இடம் மாறியிருப்பதால், பழைய பெட்டிகளில் நான்குக்குப் பதில் இரண்டு திருகுகளே மாட்டும். அதிர்வைத் தடுக்க அது போதாது. பழைய யூஎஸ்பி பெட்டிகள் சில 2 டெராபைட்டுக்கு மேல் அடையாளம் காணா. வன்தட்டைப் பழைய எம்பிஆர் அட்டவணை முறையில் பகுதிகளாகப் பிரித்தாலும் அதே எல்லை குறுக்கிடும் என்பதால் புதிய ஜிபிடி முறையில் பிரிக்க வேண்டும். வெளிப்புற வன்தட்டைப் பிரித்து உள்ளிருப்பதை எடுத்துப் பயன்படுத்துபவர்கள், சாட்டா மின்னிணைப்பின் 3.3 வோல்ட் முனையில் மின்சாரம் வந்தால் சில வன்தட்டுகள் இயங்கவே மறுக்கும் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

ஆயத்த நாஸ் பெட்டி வைத்திருப்பவர்கள் அதன் பொருத்தப் பட்டியலைப் பார்த்தபிறகே வாங்க வேண்டும். நாஸ் பெட்டி தயாரிக்கும் சினாலஜி 2025-இல் தன் புதிய பிளஸ் மாதிரிகளில் பிற நிறுவன வன்தட்டுகளைக் கட்டுப்படுத்தியது. அவ்வாண்டின் அக்டோபரில் வந்த டிஎஸ்எம் 7.3 (அப்பெட்டிகளின் இயக்க முறைமை) அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. பழைய பதிப்பில் இருப்பவர்கள் முதலில் மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்வது நல்லது.

சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி முழு அமைதி தரும் என்பதில் ஐயமில்லை. இயக்க முறைமையையும் நூலகத் தரவுத்தளத்தையும் சிறிய எஸ்எஸ்டி ஒன்றில் வைத்து, இசைக் கோப்புகளை மட்டும் வன்தட்டில் வைப்பதே நான் கண்ட சிறந்த ஏற்பாடு. தேடலும் அட்டைப்படங்களும் நொடியில் வருகின்றன. பாடல் ஒலிக்கும்போது மட்டுமே வன்தட்டுக்கு வேலை.

புதிய வன்தட்டு வந்தவுடன் ஸ்மார்ட் (வன்தட்டின் தற்சோதனை வசதி) நெடுஞ்சோதனையை ஓடவிடுங்கள். 4 டெராபைட்டுக்கு அது பல மணி நேரம் எடுக்கும். அதன்பின் அறிக்கையில் பழுதான பகுதிகளைக் குறிக்கும் 5, 197 ஆகிய எண்களின் எதிரே மூல மதிப்பாக (RAW_VALUE) பூஜ்யம் தவிர வேறேதாவது தெரிந்தால் அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இணைப்புப் பிழைகளைக் குறிக்கும் 199-இன் எதிரே எண் ஏறினால் குறை பெரும்பாலும் கேபிளில் இருக்கும். கோப்புகளை நகலெடுத்தபின், ஃபிளாக் கோப்பினுள் பொதுவாக மூல ஒலியின் எம்டி5 கையெழுத்து (சரிபார்ப்பு எண்) பொதிந்திருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஃபிளாக் நிரலின் சோதனைக் கட்டளை நூலகம் முழுவதையும் விரித்துப் பார்த்து, ஒலியில் ஒரு பிட் மாறியிருந்தாலும் கோப்பின் பெயரோடு சொல்லிவிடும். அந்தச் சோதனை பிழையின்றி முடியும்வரை பழைய வன்தட்டை அழிக்க வேண்டாம். முடிந்தபிறகும் அதை அழிக்காமல் காப்புப் பிரதியாகக் கழற்றி வைப்பதே என் வழக்கம். எஸ்எம்ஆர் வன்தட்டு ஏற்கெனவே கையில் இருந்தால் அதற்கும் இந்த வேலையே பொருத்தமானது.