பாலி இன்டர்ன்ஷிப் என்று 1,47,000 ரூபாய் போச்சு: பணம் கட்டுமுன் இதைப் படிச்சிருங்க

ஊருக்குத் திரும்பி ஒன்பது நாள் ஆகிறது. நேற்று சாயங்காலம், இந்தோனேசியாவின் பாலித் தீவில் எனக்கு இன்டர்ன்ஷிப் ஏற்பாடு செய்த ஏஜென்சியிடமிருந்து ஒரு மெயில். ஒரே வரி: ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டு மூடப்பட்டது.’ என்னத்தைத் தீர்த்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. தீர்ந்தது என் 1,47,000 ரூபாய்தான்.

கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு இன்டர்ன்ஷிப்புக்கு முறையாக எப்படி விண்ணப்பிப்பது என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். கம்பெனி பெயரைப் போடவில்லை, வக்கீல் நோட்டீஸை எல்லாம் சமாளிக்க வீட்டில் தெம்பு இல்லை. வகையை மட்டும் சொல்கிறேன்: மாணவர்களை வெளிநாட்டு அமைப்புகளோடு ‘இணைக்கிற’ ஆன்லைன் தளம். விளம்பரம் கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் வரும். மேலே ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளுக்கான 17 வண்ணச் சக்கரம், கீழே சிரிக்கிற வெள்ளைக்காரப் பிள்ளைகள், நடுவில் ‘சில இடங்களே மீதம்’. பார்த்திருப்பீர்கள்.

நான் படிப்பது எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல், திருநெல்வேலியில். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். இரண்டாம் செமஸ்டர் முடிந்ததும் ஆறு வாரம் எங்காவது இன்டர்ன்ஷிப் முடித்து அறிக்கை வைக்க வேண்டும். சீனியர்கள் சிமென்ட் ஆலை, தண்ணீர் பரிசோதனைக்கூடம் என்று போவார்கள். எனக்குக் குப்பை மேலாண்மையில் ஆசை. விளம்பரத்தில் ‘பாலி, ஆறு வாரம், கழிவு மேலாண்மையும் சமூக ஆய்வும்’ என்று இருந்தது. 5,000 ரூபாய் விண்ணப்பக் கட்டணம் கட்டினேன்.

இன்டர்வியூ நாற்பது நிமிஷம் நடந்தது. அதில்தான் விழுந்தேன், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பேசியவர் அரைகுறை ஆள் இல்லை. பாலியில் 2018-ல் கவர்னர் போட்ட உத்தரவால் பிளாஸ்டிக் பை, உறிஞ்சுகுழல், ஸ்டைரோஃபோம் மூன்றும் தடையானதே, சின்னக் கடைக்காரர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று கேட்டார். சுபக் பற்றிக் கேட்டார். அது கோயில்களை மையமாக வைத்து வயலுக்கு வயல் தண்ணீர் பங்கிடும் பாசன ஏற்பாடு, 2012-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தாமிரபரணிக் கால்வாய்க் கரையில் வளர்ந்தவளிடம் அதைக் கேட்டால் சும்மா இருப்பேனா? பத்து நிமிஷம் பேசினேன். ‘இவ்வளவு தெரிஞ்ச கேண்டிடேட்டை நான் பார்த்ததே இல்ல’ என்றார். வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

அப்புறம் ஒன்று சொன்னார் பாருங்கள், இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன். “இன்னைக்கே பணம் கட்டிராத பாப்பா. வீட்ல பேசு. ரெண்டு நாள் யோசி. சார் மோர்லாம் வேண்டாம், அண்ணான்னே கூப்பிடு.”

ஏமாற்றுகிறவன் அவசரப்படுத்துவான் என்றுதான் நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஆள் அவசரப்படுத்தவே இல்லை. மறுநாள் அப்பாவோடு வீடியோ காலில் கால் மணி நேரம் பேசினார். என் அப்பா பஸ் கண்டக்டர், தினமும் நூற்றுக்கணக்கான முகங்களைப் பார்க்கிறவர். யாரும் அவரை ஏமாற்ற முடியாது என்று வீட்டில் எல்லாருக்கும் பெருமை. போனை வைத்துவிட்டு, “நம்ம பக்கத்துப் பையன்லா, மரியாதையாப் பேசுதான்” என்றார். அதோடு முடிந்தது. அம்மாவின் இரண்டு வளையலும் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போயின.

42,000 ரூபாய் கம்பெனி அக்கவுண்டில் போட்டோம். மீதி ஒரு லட்சம். அதைக் கட்டுவதற்கு முந்தின நாள் ‘அண்ணன்’ போன் பண்ணி, கம்பெனி அக்கவுண்டில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி விழும், 18,000 ரூபாய் ஏன் வீணாக்கணும், ஒரு ஆள் பேரைத் தருகிறேன், யுபிஐ-ல் அனுப்பிவிடு என்றார். அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம், 18,000 மிச்சம்! அனுப்பினோம். ஆக 5,000, 42,000, ஒரு லட்சம். மொத்தம் 1,47,000. இந்த ஒரு லட்சத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு பிடிஎஃப் வந்தது. ஏர்போர்ட்டில் விசா ஆன் அரைவல் (இறங்கியதும் தருகிற டூரிஸ்ட் விசா) எடுத்துக்கொள், 5 லட்சம் ருப்பியா. நம்ம காசுக்கு ஏறக்குறைய 2,600 ரூபாய். சுற்றுலா வரி 1.5 லட்சம் ருப்பியா தனி. அதற்குக் கீழே தடித்த எழுத்தில்: ‘கவுன்டரில் இன்டர்ன்ஷிப், வாலன்டியர் என்ற சொற்களைப் பயன்படுத்த வேண்டாம். விடுமுறை என்று மட்டும் சொல்லவும்.’ அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். ஆனால் கோலாலம்பூர் வழியாகப் போக வர 36,000 ரூபாய்க்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. அது இந்தக் கணக்கில் சேராது. ‘எல்லாரும் இப்படித்தான் போறாங்க பாப்பா’ என்றார் அண்ணன். போனேன்.

தங்கும் இடம் உபுத்திலிருந்து அரை மணி நேரம், கியான்யார் பக்கம். தனி அறை என்று சொன்ன இடத்தில் ஆறு பேருக்கு மூன்று அடுக்குக் கட்டில். மூன்று வேளைச் சாப்பாடு ஒரு வேளை ஆனது. அதை விடுங்கள். வழிகாட்டி ஒருவர் இருப்பார், வாரம் ஒரு முறை ஆய்வுக் கூட்டம் நடக்கும் என்றார்களே, அது கடைசி வரை நடக்கவே இல்லை. வேலை செய்த இடம் கிராமத்தின் குப்பை தரம் பிரிக்கும் கொட்டகை, குப்பையை உரமாக்குகிற நம்ம ஊர் நுண்ணுர மையம் மாதிரி.

அங்கே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தினமும் சானாங் என்று ஒரு படையல் வைப்பார்கள். தென்னங்குருத்தில் செய்த உள்ளங்கை அளவு தட்டு, நாலு நிறப் பூ, மேலே ஒரு மிட்டாயோ பிஸ்கட்டோ. சாமிக்கு வைத்தது மறுநாள் குப்பைக்கு வரும், மிட்டாய் உறையோடு. முன்பெல்லாம் மூங்கில் சிம்பால் குத்தித் தைப்பார்களாம். இப்போது அவசரத்துக்கு ஸ்டேப்ளர் பின். உரத்தில் பின் கலந்தால் வயலில் கால் வைக்கிறவர் கதி என்ன? அதனால் பின்னை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். ஒரு தட்டில் ஆறு, எட்டு இருக்கும். பௌர்ணமிக்கு மறுநாள் மலை மாதிரி குவியும். ஆறு வாரம் நான் செய்த ‘சமூக ஆய்வு’ இதுதான். வலது கட்டைவிரல் நகக்கண்ணில் இன்னும் வலி இருக்கிறது. வேலையைக் குறை சொல்லவில்லை, உண்மையில் அது எனக்குப் பிடித்திருந்தது. அதைச் செய்ய 1,47,000 ரூபாய் கொடுத்தேன் என்பதுதான் எரிகிறது.

அந்தக் கொட்டகையை நடத்தியது ஒரு நடுவயதுப் பெண். இபு என்று கூப்பிடுவோம், அங்கே பெரிய பெண்களை அப்படித்தான் கூப்பிட வேண்டும், அம்மா என்கிற மாதிரி. இரண்டாவது வாரம் டீ குடிக்கும்போது எவ்வளவு செலவு செய்து வந்தாய் என்று கேட்டார். சொன்னேன். போனில் கணக்குப் போட்டுப் பார்த்தார், 2.8 கோடி ருப்பியா பக்கம் வந்தது. அவருடைய ஒன்பது மாதச் சம்பளமாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நாங்க யார்கிட்டயும் காசு கேட்டதே இல்லையே” என்றார். ஏஜென்சி அவர்களுக்குக் கொடுத்தது ஒரு பெட்டி கையுறை. போன வருஷம் வந்த டச்சு மாணவி ஒருத்தி எழுதிய மெயிலைக் காட்டினார். மூன்று வரி. ‘நான் இன்னார், இன்ன படிப்பு, வரலாமா?’ அவ்வளவுதான். அவள் தன் கல்லூரிக் கடிதத்தை வைத்து ஒழுங்கான விசாவில் வந்திருக்கிறாள். இன்டர்ன்ஷிப்புக்கு என்றே அங்கே தனி விசா வகை இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அன்று ராத்திரி கட்டிலில் படுத்தபடி இந்தோனேசியச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 2011-ல் வந்த குடிவரவுச் சட்டம், 122-ஆம் பிரிவு. கொடுத்த அனுமதிக்குப் பொருந்தாத காரியம் செய்தால் ஐந்து வருஷம் வரை சிறை, 50 கோடி ருப்பியா வரை அபராதம். அதன் பிறகு தூக்கம் எங்கே வரும்? விசாவை நீட்டிக்க டென்பசார் ஆபீசுக்கு நேரில் போக வேண்டியிருந்தது, மறுபடி 5 லட்சம் ருப்பியா. போட்டோ எடுத்த அதிகாரி சும்மா பேச்சுக்கு, “பாலியில் என்ன பண்றே?” என்றார். “ஹாலிடே” என்றேன். கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன், நகமெல்லாம் கறுப்பு.

இனி திரும்பி வந்த கதை. சர்ட்டிபிகேட் பிடிஎஃப்-ஆக வந்தது. அதே 17 வண்ணச் சக்கரம், என் பெயரில் ஒரு எழுத்து தப்பு. துறைத் தலைவர் பார்த்துவிட்டு, வேலை செய்த அமைப்பின் லெட்டர்ஹெட்டில் கடிதமும் விசா நகலும் கேட்டார். கொடுத்தேன். “டூரிஸ்ட் விசால போயிட்டு இன்டர்ன்ஷிப்னு எப்படிம்மா நான் கையெழுத்துப் போட முடியும்?” என்றார். அவர் மேல் தப்பில்லை.

அண்ணனுக்குப் போன் பண்ணினேன். அண்ணன் இப்போது ‘வேறு டிபார்ட்மென்ட்’. புதுசாகப் பேசிய பெண், விசா எடுப்பது மாணவர் பொறுப்பு, விதிமுறையில் இருக்கிறது என்றார். பிடிஎஃப்-ஐ அனுப்பினேன். அது ‘பழைய வெர்ஷன்’. ரூம் பற்றிக் கேட்டால், அது அங்கத்திய அமைப்பின் பிரச்சினை, எங்களுக்குச் சம்பந்தம் இல்லை. டீமுக்கு அனுப்பியிருக்கிறோம், 48 மணி நேரம். அப்புறம் 72 மணி நேரம். பயிற்சி எப்படி இருந்தது என்று நட்சத்திரம் போடச் சொல்லி நடுவில் ஒரு ஃபார்ம். வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். ஐந்து நிமிஷத்தில் ‘அட்மின் மட்டுமே எழுத முடியும்’ என்று மாற்றிவிட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அந்தப் பெண் அமைதியாகச் சொன்னார்: “மேடம், சிஸ்டத்துல நீங்க கட்டினது 47,000-னுதான் காட்டுது.”

ஒரு லட்சம் அவர்கள் கணக்கிலேயே இல்லை! ‘தனி நபருக்கு நீங்கள் அனுப்பியதற்கு நிறுவனம் பொறுப்பல்ல.’ அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு. ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து டூட்டிக்குப் போய்விட்டார். சரி, அந்த 47,000-ஆவது தருவீர்களா என்றால், தரமாட்டார்களாம். அடுத்து கென்யா ப்ரோக்ராமில் சேர்ந்தால் 20 சதவீதம் தள்ளுபடி தருவார்களாம்.

போலீஸ் ஸ்டேஷனில், “போனியா? வந்தியா? சர்ட்டிபிகேட் குடுத்தானா? அப்புறம் என்னம்மா மோசடி?” என்றார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்திருக்கிறேன். நாம் குடியிருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போட 2019 சட்டத்தில் இடம் இருக்கிறதாம், அதற்குக் காகிதம் சேர்க்கிறேன்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், கை ஓடவில்லை. தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். தனி ஆள் பெயருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், ஜிஎஸ்டி நம்பர் போட்ட ரசீது வாங்குங்கள். பணம் கட்டுமுன் வேலை செய்யப் போகும் இடத்துக்கே நேராக ஒரு மெயில் போட்டு, காசு வாங்குகிறீர்களா என்று கேளுங்கள். அதைச் செய்திருந்தால் எனக்கு 1,47,000 தப்பியிருக்கும். அந்த வண்ணச் சக்கரம் போட்டிருப்பதால் ஐ.நா. அங்கீகாரம் என்று அர்த்தம் ஆகாது. ஐ.நா. தன் ஆள்சேர்ப்பில் எந்தக் கட்டத்திலும் பணம் வாங்குவதில்லை. இமிக்ரேஷனில் பொய் சொல்லச் சொன்னால், டிக்கெட் போட்டிருந்தாலும் போகாதீர்கள். துறைத் தலைவரிடம் முதலிலேயே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ஏமாந்தது அப்போதே தெரிந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் பண்ணுங்கள். என்னை மாதிரி இரண்டு மாதம் கழித்து இல்லை.

அந்த ‘அண்ணன்’ இப்போது வேறு நம்பரில் வேறு பேரில் பேசுவதாக ஜூனியர் ஒருத்தி நேற்று சொன்னாள். சுபக் பற்றிக் கேட்டாராம். உங்களில் யாருக்காவது அந்தக் கால் வந்திருந்தால் கீழே எழுதுங்கள், நாலு பேர் சேர்ந்தால் புகாருக்கு பலம். எனக்கு இப்போது நேரம் இல்லை, காலையில் அம்மாவோடு கூட்டுறவுச் சங்கத்துக்கு வட்டி கட்டப் போக வேண்டும்.