கழுத்து கழலுற கிட்டாரும் நெடுந்தீவுப் படகும்

சனிக்கிழமைகளிலை யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட இருக்கிற நெடுந்தீவிலை பிள்ளையளுக்குக் கிட்டார் பழக்குறன். குருநகரிலையிருந்து குறிகாட்டுவானுக்கு பஸ், அங்கையிருந்து ஒரு மணித்தியாலம் படகு. போன வருசம் கடலுக்குள்ளாலை போற புங்குடுதீவுத் தாம்போதியிலை பஸ் சட்டெண்டு பிறேக் போட, மேலையிருந்த மூட்டையொண்டு சரிஞ்சு விழுந்து என்ரை கிட்டாரின்ரை தலை வெடிச்சுப்போச்சு. 14 வருசம் வாசிச்ச கிட்டார் அது. அதுக்குப் பிறகுதான் கழட்டிக் கொண்டுபோற கிட்டாரைத் தேடத் தொடங்கினன்.

வொயேஜ் எயார் கிட்டாரிலை கழுத்து பிணைச்சலிலை மடியும். ஜேர்னி இன்ஸ்ட்ருமென்ற்ஸின்ரை ஓவர்ஹெட் வகையிலை கழுத்து தனியாக் கழண்டு வரும். நான் எடுத்ததும் கழலுற வகைதான். கனடாவிலையிருந்து அத்தான் வரேக்கை கொண்டுவந்து தந்தவர். ஆயிரம் டொலருக்கு மேலை முடிஞ்சுது, எனக்கு அது பெரிய காசு.

பூட்டுறது இப்பிடித்தான்: கழுத்தின்ரை அடியிலை ஒரு நாக்கு இருக்கு. அதை உடம்பிலை இருக்கிற பொந்துக்குள்ளை இறக்கி, திருகை விரலாலை இறுக்கவேணும். கம்பியளைக் கழட்டத் தேவையில்லை. கழுத்து கழண்டாலும் ரெண்டு பக்கமும் கட்டுப்பட்டபடி தொய்ஞ்சு கிடக்கும். பூட்டின பிறகு சுருதி கொஞ்சம்தான் விலகியிருக்கும். எனக்கு ரெண்டு நிமிசத்திலை சரிவரும்.

ஆனால் கழுத்தும் உடம்பும் சேருற அந்தப் பொருத்தைக் கவனமாப் பாக்கவேணும். ஆறு இரும்புக் கம்பியும் சுருதியிலை நிக்கேக்கை ஏறத்தாழ 70 கிலோ இழுவை அதிலைதான் விழும். ஒருநாள் இறங்குதுறையிலை வைச்சு அவசரமாப் பூட்டினன். வகுப்பிலை பாத்தால் கம்பி எழும்பி நிக்குது, பிள்ளையளின்ரை சின்ன விரலாலை அமத்தேலாமல் கிடக்கு. கழட்டிப் பாத்தன். பொந்துக்குள்ளை கடல்மணல், ரெண்டு மூண்டு பொட்டுத்தான். துணியாலை துடைச்சுத் திரும்பப் பூட்ட, கம்பி பழைய உயரத்துக்கு வந்திட்டுது. அண்டையிலையிருந்து பைக்குள்ளை ஒரு பழைய சாரத்துண்டு எப்பவும் இருக்கும். உப்புக்காத்துக்குக் கம்பியும் கெதியாத் துருப்பிடிக்கும். ஒவ்வொரு முறையும் பொருத்தையும் கம்பியையும் துடைச்சுத்தான் உள்ளுக்கு வைக்கிறன்.

சத்தத்தைச் சொல்லவேணும். மெல்லிய கம்பியள் துலக்கமாப் பேசும். தடிச்ச ஆறாம் கம்பியிலை பழைய கிட்டாரின்ரை நெஞ்சுச் சத்தம் இல்லை, உடம்பு சின்னன்தானே. 15 பிள்ளையள் இருக்கிற வகுப்புக்குத் தாராளம். கோயில் பூசையிலை மைக் இல்லாமல் வாசிச்சால் பாடகர் குழாத்தின்ரை குரலுக்குள்ளை அமிழ்ந்துபோகும். எனக்கு அதிலை இன்னும் மனவருத்தம் இருக்கு.

பெட்டி 22க்கு 14க்கு 9 அங்குலம். பஸ்ஸிலை மடியிலை வைச்சுக்கொண்டு போறன். பெரிய விமானத்திலை கைப்பொதியாக் கொண்டுபோகலாம், அத்தானும் அப்பிடித்தான் கொண்டுவந்தவர். பலாலி விமான நிலையத்திலையிருந்து சென்னைக்குப் போற ஏ.டி.ஆர். எண்ட சின்ன விமானத்தின்ரை மேல்தட்டு சின்னன், அதிலை போறவை முதலே கேட்டு வையுங்கோ.

வீட்டிலையிருந்து வாசிக்கிறவைக்கு இது தேவையில்லை. இந்தக் காசுக்கு நல்ல முழுக் கிட்டார் வாங்கலாம். என்னை மாதிரிக் கிழமைக்கு ஒருக்கால் கடல் கடக்கிறவை யோசிக்காமல் எடுங்கோ. இப்ப வகுப்புக்குள்ளை போனவுடனை "சேர், இண்டைக்கு நான் பூட்டுறன்" எண்டு பிள்ளையள் ஓடிவருவினம். முதல்லை துணியைத்தான் கையிலை குடுக்கிறன்.