ஆறு துண்டு கை மாடல்: எதற்கு உதவும், எங்கே காலை வாரும்

முதலாண்டு எம்பிபிஎஸ், பிசியோதெரபி மாணவர்களை நம்பி விற்கப்படும் நிஜ அளவு பிவிசி மாடல் இது. தேர்வுக்குப் படிக்க மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். மேலடுக்குத் தசைகளைக் கழற்றியதும் ப்ரொனேட்டர் டெரஸின் (உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பும் முன்கைத் தசை) இரு தலைகளுக்கு, அதாவது தொடங்கும் கிளைகளுக்கு, நடுவே மீடியன் நரம்பு போவதும், அல்நார் தமனி அதன் ஆழத் தலைக்கும் கீழே இறங்குவதும் பளிச்சென்று தெரிகின்றன. விலை கூடிய மாடல்களிலேயே சொதப்பும் இடம் அது.

சிக்கல் மணிக்கட்டில். மணிக்கட்டை மடக்கும் மெல்லிய தசையான பால்மாரிஸ் லாங்கஸைப் பக்கத்துத் தசையான ஃப்ளெக்சார் கார்ப்பி ரேடியாலிஸோடு ஒட்டி ஒரே துண்டாக வார்த்துவிட்டார்கள். பலருக்குப் பால்மாரிஸ் லாங்கஸே கிடையாது. பாடநூல்கள் 15 சதவீதம் அளவில் சொல்லும், இனத்துக்கு இனம் மாறும். தனியே கழன்றால், அது இல்லாத கையில் தோலுக்கடியில் நடுவாக மீடியன் நரம்பே நிற்பதைக் காட்டலாம். கிராஃப்டுக்கு (வேறிடத்தில் ஒட்டுவதற்கு) அந்தத் தசைநாணை எடுக்கப்போய் நரம்பை அறுத்துவிடும் விபத்து அங்கேதான் நடக்கிறது. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கி, நாண் புடைக்கிறதா என்று பார்க்காமல் கத்தியைத் தொடக்கூடாது என்பதை இந்த மாடலை வைத்துப் புரியவைக்க முடியாது.

கான்ட்சர் தசையும் இல்லை. பெரும்பாலும் மீடியல் எபிகான்டைலில் (முழங்கையின் உட்புற எலும்பு முனை) தொடங்கி கட்டைவிரல் நுனியை மடக்கும் ஃப்ளெக்சார் பாலிசிஸ் லாங்கஸில் சேரும் கூடுதல் தலை அது. மீடியன் நரம்பின் கிளையான ஆன்டீரியர் இன்டராசியஸ் நரம்பை அது அழுத்தினால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் மடங்காது, 'ஓகே' சைகை வட்டமாக வராது. சிவப்புக் களிமண்ணில் உருட்டி நாமே ஒட்டிக்கொள்ளலாம். எண்ணெய்க் களிமண் பிவிசியில் கறை விடும், அடியில் பிளாஸ்டிக் தாள் வையுங்கள்.

பின்பக்கம்தான் பெரிய ஏமாற்றம். முதல் எக்ஸ்டென்சார் அறையில் (மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் நாண்கள் ஓடும் குழாய்) கட்டைவிரலை விலக்கும் அப்டக்டார் பாலிசிஸ் லாங்கஸுக்கு ஒரு நாண், அதை நிமிர்த்தும் எக்ஸ்டென்சார் பாலிசிஸ் பிரெவிஸுக்கு ஒரு நாண், இரண்டுக்கும் ஒரே குழாய். நிஜக் கையில் அப்டக்டாருக்கு இரண்டு மூன்று நாண்கள் சர்வ சாதாரணம். நடுவே தடுப்பு இருந்து பிரெவிஸ் தனி அறையில் ஓடுவதும் உண்டு. இந்த அறையில் நாண்கள் இறுகி வலிக்கும் டி க்வெர்வேன் நோயில் ஸ்டீராய்டு ஊசி போட்டும் வலி குறையாததற்கு இந்தத் தடுப்பு ஒரு முக்கியக் காரணம், மருந்து பக்கத்து அறைக்குப் போவதில்லை. அறுவையிலும் இதே பொறி: அப்டக்டாரின் இரண்டு நாண்களைப் பார்த்ததும் இரு தசையும் விடுபட்டன என்று தைத்துவிடுவார்கள். விடுவித்த நாணை இழுத்தால் கட்டைவிரலின் எம்பி மூட்டு (விரல் உள்ளங்கையோடு சேரும் மூட்டு) நிமிர வேண்டும். நிமிராவிட்டால் பிரெவிஸ் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

ஆர்த்தோ, பிளாஸ்டிக் சர்ஜரி பிஜிக்களுக்கு (மேற்படிப்பு மருத்துவர்களுக்கு) இது வேண்டாம். அந்தக் காசில் டிசெக்‌ஷன் பயிற்சி ஒன்றுக்குப் போகலாம். மற்றவர்கள் வாங்கும்போது பிராக்கியோரேடியாலிஸ் துண்டைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். துண்டைப் பிடித்து நிறுத்தும் முளை காந்தமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் முளை சீக்கிரம் தேய்ந்து, துண்டு நிற்காமல் விழும்.