ஜெனரேற்றர் போட் போய்விட்டதா? பழுதுபார்க்கலாமா, புதிது வாங்கலாமா, ரிலேயில் வயரிங் இழுக்கலாமா

மே மாதம் கடல் அமைதியாகி நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஆட்கள் வரத் தொடங்கினால் கூடவே மோட்டார்ஹோம்களும் வந்துவிடும். ரோசா, கோஸ்ரர் போன்ற சிறு பஸ்களின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டிலும் அடுப்பும் குளிரூட்டியும் பூட்டிய வண்டிகள். பின்பக்கப் பெட்டிக்குள் ஒரு ஜெனரேற்றர் இருக்கும். அது ஒரு நாள் ஸ்டாட் எடுக்காமல் நின்றால், பார்க்க வருகிறவர் மூடியைத் திறந்த கையோடு சொல்வது ஒன்றுதான்: "போட் போச்சுது." ஜெனரேற்றரை ஸ்டாட் செய்து, காவல் காத்து, நிறுத்தும் மின்சுற்றுப் பலகையைத்தான் போட் என்கிறார்கள்.

அதற்குப் பிறகு மூன்று வழி பேசப்படும். இருக்கிற போட்டைப் பழுதுபார்ப்பது, புதுப் போட் வாங்கிப் பூட்டுவது, போட்டையே தூக்கி வைத்துவிட்டு ரிலேயும் (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) பட்டனும் வைத்துப் புதிதாக வயரிங் இழுப்பது. பழைய ரிலே வகைப் போட் உள்ள ஜெனரேற்றர், வண்டியும் இந்தக் கரையோரத்திலேயே ஓடுவது என்றால் நான் மூன்றாவது வழியின் கட்சி. இன்வேர்ட்டர் வகை என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஏன் என்பதைச் சொல்ல, அந்தப் போட் என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மோட்டார்ஹோம் ஜெனரேற்றர் என்றதும் உலகம் முழுக்க முதலில் சொல்லப்படும் பெயர் ஓனான். 1920இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் தொடங்கிய கம்பனி. பின்னர் கம்மின்ஸோடு சேர்ந்தது. அதன் எமரால்ட் வரிசையை உதாரணமாக எடுத்தால் விளங்கும். இரண்டு சிலிண்டர், காற்றில் குளிரும் எஞ்சின், நிமிடத்துக்கு 1800 சுற்று, 60 ஹேர்ட்ஸ். ஸ்டாட் சுவிட்சை அமத்தியதும் போட் மூன்று காரியம் பார்க்கும்: ஸ்டாட்டர் சொலனோயிட்டை (ஸ்டாட்டர் மோட்டாருக்குக் கரண்ட் விடும் காந்தச் சுவிட்ச்) இழுக்க வைக்கும், பெற்றோல் பம்புக்கும் இக்னிஷனுக்கும் 12 வோல்ற் கொடுக்கும், மின் பிறப்பிக்கச் சுழலும் பகுதியான ரோட்டரின் சுருளுக்குக் கொஞ்சம் பற்றரி கரண்டை அனுப்பிக் காந்தத்தை எழுப்பும். எஞ்சின் பிடித்து ஏசி (மாறுமின்) வோல்ற் வருவதை உணர்ந்ததும் ஸ்டாட்டரைத் துண்டித்து, ஓட்டத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். ஒயில் அழுத்தம் விழுந்தால் எல்லாவற்றையும் நிறுத்தும். இவ்வளவுதான். இதற்குள் மந்திரம் எதுவும் இல்லை.

ஆகவே போட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முதல் கையில் ஒரு மல்ரிமீற்றரை எடுங்கள். திருகோணமலை கொட்பே துறைமுகத்தில் படகு வயரிங் செய்யும் மூத்த பாஸ் ஒருவரிடம் ஒருமுறை, "அண்ணை, போட் மாத்த வேணும் போல கிடக்கு" என்று சொன்னேன். அவர் போட்டைப் பார்க்கவே இல்லை. "தம்பி, எர்த் வயரைக் கழட்டிப் பாத்தீங்களோ? முதல் அதைக் கழட்டும்" என்றார். கழற்றினால் வயர் நுனியின் லக்குக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையில் பச்சைக் களிம்பு, நகத்தால் சுரண்ட உதிர்கிற அளவுக்கு. கடல் காற்றில் நிற்கும் வண்டிக்கு இதுதான் முதல் சோதனை. நிறைந்த பற்றரி ஓய்வில் 12.6 வோல்ற் காட்ட வேண்டும். ஸ்டாட்டர் சுற்றும்போது எஞ்சின் உடம்புக்கும் பற்றரியின் எதிர்முனைக்கும் இடையில் அரை வோல்ற்றுக்கு மேல் விழுந்தால் போட்டில் கை வைக்க வேண்டாம். எர்த்தைச் சுத்தம் செய்யுங்கள்.

பலரை ஏமாற்றும் நோய் ஒன்று உண்டு. சுவிட்சை அமத்திப் பிடித்திருக்கும் வரை எஞ்சின் ஓடும். விரலை எடுத்தால் நின்றுவிடும். உடனே "போட்" என்பார்கள். அப்படிப் பிடித்திருக்கும்போதே வெளிவரும் ஏசியை அளந்து பாருங்கள். வோல்ற் வரவில்லை என்றால் சுழலும் ரோட்டருக்குக் கரண்டைக் கடத்தும் பிரஷ், ஸ்லிப் ரிங், பிறகு வைண்டிங், ரோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் ரெகுலேற்றர் என்ற பக்கத்தைத் தேட வேண்டும்; ஏசி வரவில்லை என்பதாலேயே போட் ஓட்டத்தைப் பிடிக்க மறுக்கிறது. வோல்ற் சரியாக வருகிறது என்றால் ஒயில் சுவிட்ச், அதன் வயர், கடைசியாகப் போட். இந்த ஒரு அளவீட்டைச் செய்யாமல் போட்டுக்குக் காசு கட்டாதீர்கள்.

சரி, போட்தான் குற்றவாளி என்று உறுதியாகிவிட்டது. இனி ஒப்பீடு.

பழுதுபார்ப்பதில் எனக்கு மதிப்பு உண்டு. இந்தப் போட்டுகளில் அதிகம் கெடுவது ரிலே, கொண்டென்சர், ஈய இணைப்பு. எஞ்சின் அதிர்வில் ரிலேயின் கனத்த கால்களைச் சுற்றி ஈயத்தில் மோதிரம் போல மெல்லிய விரிசல் விழும். நேரே பார்த்தால் தெரியாது. போட்டைச் சரித்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழவிட்டு, பூதக்கண்ணாடியால் பார்த்தால் கால் நடுவில் தனியாக நிற்பது தெரியும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, புது ஈயம் வைத்தால் அதே போட் உயிர்பெறும். வீங்கிய கொண்டென்சரை மாற்றும்போது 105 பாகை தாங்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். எஞ்சின் பெட்டிக்குள் 85 பாகை வகை நெடுநாள் நிற்காது. ரிலே வாங்கும்போது சுருள் 12 வோல்ற்றா என்பதோடு கால்களின் இடைவெளியும், தொடுமுனை எத்தனை அம்பியர் டீசி (பற்றரி தரும் நேர்மின்) தாங்கும் என்பதும் பார்க்க வேண்டும். ஏசி அளவை மட்டும் பார்த்து வாங்கிய ரிலே டீசியில் கருகும். வேலை முடிந்ததும் ஐசோபுரோபைல் அற்ககோலால் கழுவி, காயவிட்டு, மின்காப்புப் பூச்சு அடியுங்கள். அந்தப் பூச்சு இல்லாத போட் அடுத்த மாரிக்கே பச்சை பிடிக்கும்.

இந்த வழிக்கு இரண்டு குறை. சில போட்டுகள் முழுவதும் பிசினில் புதைக்கப்பட்டிருக்கும். அவற்றைத் தோண்டி எடுப்பதற்குள் செப்புத் தடங்களும் கூடவே கிழியும். மற்றது, ஒரு பாகம் மாற்றியதும் ஓடிவிடும், அடுத்த பாகம் ஹபரணைக் காட்டுக்குள் வைத்துக் காலை வாரும். ஒரே வயதுப் பாகங்கள் ஒரே காலத்தில்தான் கிழடு தட்டும். பழுதுபார்ப்பது என்று முடிவெடுத்தால் ரிலே, கொண்டென்சர் எல்லாவற்றையும் ஒரே இருப்பில் மாற்றுங்கள். அந்த நுண்பாகங்களுக்குக் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு ஆள் அனுப்ப வேண்டிவரும்.

புதுப் போட் வாங்குவது காசுள்ளவருக்குச் சுலபம். ஓனானுக்கு மூலப் போட் தவிர ஃபிளைட் சிஸ்டம்ஸ், டைனோசர் எலக்ட்ரொனிக்ஸ் போன்ற அமெரிக்கக் கம்பனிகள் செய்த மாற்றுப் போட்டுகளும் உண்டு. பூட்டு, செருகு, ஓட்டு. ஆனால் எல்லாம் டொலர் விலை, அதற்கு மேல் அனுப்பும் செலவு, சுங்கம், காத்திருப்பு. மோட்டார்ஹோம் உழைக்கும் காலம் ஐந்து மாதம் என்றால் அதில் எத்தனை கிழமை பார்சலுக்குப் போகும் என்று கணக்குப் பார்க்க வேண்டும். ஓடர் கொடுக்க முதல் ஜெனரேற்றரின் தகட்டில் உள்ள மாதிரி எண்ணை, கடைசி எழுத்து உட்பட, எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயர் கொண்ட இயந்திரத்துக்கே எழுத்து மாறினால் போட் மாறும்.

கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் கழற்றிய போட் மலிவாகக் கிடைத்தால் ஆசைப்படத் தோன்றும். அதுவும் இன்னொரு கிழட்டுப் போட்தான், அதன் கதை நமக்குத் தெரியாது. நான் தொட மாட்டேன்.

இதற்குள் இன்னொரு கிளை: ஹோட்டல் ஜெனரேற்றர்களில் பூட்டும் பொதுக் கொன்றோலர்கள். டீப் சீ, ஸ்மார்ட்ஜென் போன்றவை. 8 முதல் 35 வோல்ற் வரை எதிலும் வேலை செய்யும், ஏசியின் ஹேர்ட்ஸைப் பார்த்து ஸ்டாட்டரை விடும், ஒயில், வெப்பம், அதிவேகம் எல்லாம் காவல் காக்கும். டீசல் ஜெனரேற்றருக்கு நல்ல தெரிவு. சிறிய பெற்றோல் இயந்திரத்துக்குத் தேவைக்கு அதிகம். அமைப்புகளைச் சரியாகப் போடத் தெரிந்தவரும் வேண்டும்.

இனி ரிலே வயரிங். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இதைக் கெடுத்துச் செய்தவர்களால்தான் இந்த வழிக்குக் கெட்ட பெயர்.

பற்றரியின் நேர்முனைக்குப் பக்கத்திலேயே பியூஸ். அதிலிருந்து ஸ்டொப் பட்டன், அமத்தினால் துண்டிக்கும் வகை. ஸ்டாட் பட்டனை அமத்தும்போது ஒரு ரிலே இழுத்து ஸ்டாட்டர் சொலனோயிட்டுக்குக் கரண்ட் கொடுக்க வேண்டும். சொலனோயிட் எடுக்கும் அம்பியரைப் பட்டன் நேரடியாகத் தாங்காது. அதே பட்டனிலிருந்து, கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் டயோட் ஒன்றின் வழியாக "ரன்" ரிலே இழுத்து, பெற்றோல் பம்பையும் இக்னிஷனையும் உயிர்ப்பிக்கும். எஞ்சின் பிடித்து ஒயில் அழுத்தம் ஏறியதும் ஒயில் சுவிட்ச் மூடி (அதாவது தொடுமுனைகள் சேர்ந்து), ரன் ரிலேயின் சுருளுக்கு அதன் வழியே கரண்ட் வரும். இப்போது விரலை எடுக்கலாம். அந்த டயோட் இல்லாவிட்டால் ஒயில் சுவிட்ச் வழியே வரும் கரண்ட் திரும்பிப் போய் ஸ்டாட்டரை விடாமல் சுற்றவைக்கும்.

பலர் மறப்பது ரோட்டருக்குப் போகும் அந்தச் சிறு கரண்டை. பிரஷ் வைத்த ஜெனரேற்றர் என்றால், மூலப் போட் கொடுத்த காந்த எழுப்பலைப் புது வயரிங்கும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் அழகாக ஓடும், பல்ப் எரியாது. ஸ்டாட் பட்டனிலிருந்து மூன்று அம்பியர் தாங்கும் டயோட் ஒன்று, கோடுள்ள முனை பிரஷ் பக்கம் பார்க்க. எந்தப் பிரஷ் நேர், எது எதிர் என்பதைக் கழற்ற முதலே குறித்து வையுங்கள். வோல்ற்றைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரும் அதே போட்டுக்குள் இருக்கும் மாதிரி என்றால் தனி ஏ.வி.ஆர். (வோல்ற்றைத் தானே சீராக வைக்கும் ரெகுலேற்றர்) ஒன்று பூட்டாமல் இந்த வழியில் இறங்காதீர்கள்.

ஒயில் சுவிட்ச் விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். அழுத்தம் வந்தால் மூடும் வகை வேண்டும். சாதாரண கார்களில் இருப்பது அழுத்தம் இல்லாதபோது மூடியிருக்கும் வகை. டாஷ்போட் விளக்குக்காகச் செய்தது. அதையும் ஐந்து கால் ரிலேயின் 87ஏ முனை (ரிலே இழுக்காதபோது இணைந்திருப்பது) வழியாக வேலை செய்ய வைக்கலாம். ஆனால் அந்த வயர் ஒரு நாள் அறுந்தால், ஒயில் இல்லாமலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். மூடும் வகையில் வயர் அறுந்தால் எஞ்சின் நிற்கும். எஞ்சினைக் காப்பாற்றுவது இந்த வித்தியாசம்.

ஒவ்வொரு ரிலேயின் சுருளுக்கும் குறுக்கே ஒரு 1என்4007 டயோட், கோடு நேர்முனைப் பக்கம். வயர் வாங்கும்போது படகுக்குப் போடும் வெள்ளீயம் பூசிய செப்பு வயரைக் கேளுங்கள். சாதாரணச் செப்பு இந்தக் காற்றில் உறைக்குள்ளேயே கறுக்கும். பம்புக்கும் இக்னிஷனுக்கும் இரண்டரைச் சதுர மில்லிமீற்றர் போதும். ஒவ்வொரு வயரின் இரு நுனியிலும் ஒரே எண்ணை ஒட்டி, வரைபடத்தை லமினேற் பண்ணிப் பெட்டியின் மூடிக்கு உட்பக்கம் பதித்துவிடுங்கள்.

இப்போது பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால்: செலவில் ரிலே வழியும் பழுதுபார்ப்பும் ஏறத்தாழ ஒன்று, புதுப் போட் எங்கோ மேலே. தூரத்துச் சுவிட்ச்சும் தானியங்கி ஸ்டாட்டும் வேண்டுமென்றால் போட் அல்லது கொன்றோலர்தான். ரிலே வழியில் ஸ்டாட்டரை விடுவது உங்கள் விரல், ஆகவே எஞ்சின் சத்தம் கேட்கும் இடத்தில்தான் பட்டன் இருக்க வேண்டும். உப்புக் காற்றைத் தாங்குவதில் சொக்கற்றில் செருகிய ரிலே வெல்கிறது, கெட்டால் பிடுங்கி மாற்றலாம். குச்சவெளியில் இரவில் நின்றாலும் அடுத்த நாள் திருகோணமலை நகரத்தில் அதே ரிலே கிடைக்கும். லொறிக்கும் வானுக்கும் போடுவதும் அதுதானே. நான் அந்தப் பக்கம் சாய்வதற்கு இதுவே முழுக் காரணம்.

இன்வேர்ட்டர் ஜெனரேற்றருக்கு இது எதுவும் பொருந்தாது. அங்கே சுமைக்கேற்ப எஞ்சின் வேகத்தை ஏற்றி இறக்குவதும், வெளிவரும் ஏசியை உருவாக்குவதும் போட்டேதான். மூலப் போட்டை வாங்குங்கள், அல்லது ஜெனரேற்றரையே மாற்றுங்கள். எந்தப் போட்டும் ஜெனரேற்றர் தரும் மின்னை நம் நாட்டு மின்னாக மாற்றித் தராது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த 100 வோல்ற் ஜெனரேற்றரும் அமெரிக்க 120 வோல்ற் 60 ஹேர்ட்ஸ் ஜெனரேற்றரும் போட்டை மாற்றியதால் 230 வோல்ற் 50 ஹேர்ட்ஸ் ஆகிவிடாது. டிரான்ஸ்போமர் வோல்ற்றைத்தான் மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது.

எந்த வழியில் போனாலும் பூட்டி முடித்ததும் மூன்று சோதனை. ஓடும்போது ஒயில் சுவிட்சின் வயரைப் பிடுங்குங்கள். எஞ்சின் நிற்க வேண்டும். ஸ்டொப்பை அமத்தியபின் பெற்றோல் பம்பைத் தொட்டுப் பாருங்கள், அதிரக் கூடாது. மின்சார சபை லைனும் ஜெனரேற்றரும் ஒரே நேரத்தில் சேராதபடி சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று மீற்றர் வைத்துப் பாருங்கள். பெட்டியை மூட முதல் புகைக்குழாயின் மூட்டுகளையும் இறுக்கி, ஆட்கள் படுக்கும் பக்கம் காபன் மொனொக்சைட் அலாரம் ஒன்றைப் பூட்டுங்கள். அலாரம் இல்லாத வண்டியில் ஜெனரேற்றரை ஓடவிட்டு யாரும் உறங்கக் கூடாது.