கண்ணிவெடி நிலமா, காமென்டா?

2009இல் போர் முடிந்த பிறகு, குடும்பத்தைத் தனியே சுமக்கும் வன்னிப் பெண்கள் பலர் கண்ணிவெடி அகற்றும் வேலைக்கோ காமென்டுக்கோ, அதாவது ஆடைத் தொழிற்சாலைக்கோ, போனார்கள்.

பழைய போர்முனையான முகமாலையில் வெடி அகற்றுவது லேசான வேலை இல்லை. கனத்த கவசமும் முகமறைப்பும் போட்டு, வெயிலில் முழங்காலில் இருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்ட வேண்டும். ஆண்களின் வேலை என்றவர்கள் இப்போது வாயை மூடிவிட்டார்கள். அங்கே ஒவ்வொரு அடிக்கும் விதி உண்டு. அம்புலன்ஸ் பக்கத்திலேயே நிற்கும்.

கிளிநொச்சி காமென்டில் நிழல் உண்டு, வெடிப் பயம் இல்லை. சரி, ஆனால் இருட்டில் பஸ்ஸால் இறங்கி நடக்கும் ஒழுங்கைக்கு யார் கவசம் தருகிறார்கள்?

ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு இரண்டு இடத்திலும் முதலாளி சம்பளத்தில் 12 வீதம் கட்ட வேண்டும்.

என்னைக் கேட்டால் வெடி வேலைதான். ஆனால் நிலம் துப்புரவானதும் அந்த வேலையும் முடிந்துவிடும். அதற்குள் இன்னொரு தொழிலைப் பழகிக்கொள்ளுங்கள்.