ரொட்ரிக்ஸா, ரீயூனியனா? எழுதப் போகிறவர்களுக்கு

மொரீஷியஸில் இருக்கும் நமக்கு, லீவு போட்டுக்கொண்டு போய் ஒரு பயணக் கட்டுரையோடு திரும்ப வேண்டுமென்றால் கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு தீவுகள் உண்டு. ஒரு வாரம்தான் லீவு, ஒரே ஒரு கட்டுரை போதும் என்றால் ரொட்ரிக்ஸுக்குப் போங்கள்.

அது 108 சதுர கிலோமீட்டர்தான், நம் நாட்டின் பகுதியேதான். பணம் மாற்றும் அலைச்சல் கிடையாது. அதன் தலைநகரான போர்ட் மத்தூரினில் கூடும் சனிக்கிழமைச் சந்தையில் தேன், மிளகாய் ஊறுகாய், காயவைத்த ஆக்டோபஸ் என்று விரித்து வைத்திருப்பார்கள். கிரியோல் மொழியில் பேச்சுக் கொடுத்தால் போதும், விற்கிற அம்மாவே பாதிக் கட்டுரையைச் சொல்லிவிடுவார். கடல் வற்றும் நேரத்தில் ஈட்டியோடு இறங்கி, முழங்கால் நீரில் பாறை இடுக்குகளைக் குத்திப் பார்த்தபடி நடக்கும் பெண்களைக் கட்டாயம் பாருங்கள். ஆக்டோபஸ் வளரட்டும் என்று 2012 முதல் ஆண்டில் சில மாதம் அதைப் பிடிக்கத் தடை இருக்கிறது. அந்த மாதங்களில் அவர்கள் பாடு என்ன என்று கேளுங்கள், நல்ல கட்டுரை அங்கேதான் கிடைக்கும். மாலையில் ஊர் சீக்கிரம் அடங்கிவிடும். பகலில் கேட்டதை அன்றிரவே எழுதி முடிக்கலாம்.

ரீயூனியனில் அது நடக்காது. மாஃபாத் பள்ளத்தாக்குக்கு வண்டி போகும் சாலையே இல்லை. நடக்க வேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டர். நாள் முழுக்க ஏறி இறங்கியவருக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பேனா பிடிக்கத் தெம்பு இருக்காது. அங்கே சூரிய மின்சாரம்தான் என்பதால் போனை நம்பாமல் சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள். ஊர்ப் பெயர், விலை, ஆட்கள் சொன்ன வார்த்தை, இவற்றை மட்டும் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து எழுதுங்கள். ஆனால் விஷயம் கொட்டிக் கிடக்கிறது: 2,632 மீட்டர் உயர எரிமலை, சேந்த் ஆந்த்ரே பக்கத்துக் கோவில்கள், வீட்டில் தமிழ் பேச்சு நின்றுபோன பிறகும் விடாமல் தீமிதிக்கும் நம் ஆட்கள். விரதம் இருந்து மிதிக்கிறவர்களை வேடிக்கைப் பொருளாக்கி எழுதாதீர்கள். கேட்காமல் போட்டோவும் எடுக்காதீர்கள்.

தீமிதி பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி வாக்கில் நடக்கும். அது புயல் காலமும்கூட. ஊர் திரும்பும் நாளுக்கும் வேலைக்குப் போகும் நாளுக்கும் நடுவே இரண்டு நாள் விட்டு டிக்கெட் போடுங்கள். விமானம் தள்ளிப்போனாலும் சமாளிக்கலாம், தள்ளிப்போகாவிட்டால் அந்த இரண்டு நாளில் கட்டுரையை எழுதிவிடலாம்.