பழைய ஐ3: பிராசசரை மட்டும் மாற்றுவதா, போர்டோடு மாற்றுவதா?

செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மாமா கணக்கு எழுதும் கம்ப்யூட்டரில் 2013-இல் வந்த ஐ3-4130 இன்டெல் பிராசசர். பில் போடும்போது பிரவுசரைத் திறந்தால் சிபியு 100% தொட்டு நிற்கிறது. மவுஸ் அம்பு திக்கித் திக்கி நகர்கிறது.

செகண்ட் ஹேண்டில் ஐ7-4770 போடலாம். போர்டில் பிராசசர் உட்காரும் அதே 1150 சாக்கெட், அதே டிடிஆர்3 ரேம். கணக்குப் போடும் கோர் 2-இலிருந்து 4 ஆகும். ஆனால் சூட்டைக் காட்டும் வாட் கணக்கு 54-இலிருந்து 84 ஆகிறது, சேலத்துச் சித்திரை வெயிலுக்கு நல்ல கூலர் வேண்டும். பெரிய சிக்கல் வேறு: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது, விண்டோஸ் 11 இன்டெலில் 8-ஆம் தலைமுறையாவது கேட்கிறது, ஐ7-4770 4-ஆம் தலைமுறைதான். ஜிஎஸ்டியும் பேங்க் வேலையும் நடக்கும் மெஷின் இது!

12-ஆம் தலைமுறை ஐ3-12100 என்றால் விண்டோஸ் 11 ஓடும், ஆனால் போர்டு, ரேம் செலவும் சேரும். கோர் 4தான், ஒவ்வொன்றும் வேகம். மாமாவுக்கு இந்த ஐ3-12100-ஐத்தான் சொன்னேன். விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறத் தயாரானவர்களுக்கு அந்த ஐ7 தாராளம்.